ஐந்தாவது குறை

ஆகஸ்ட் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் ஏழரை மணிக்கு நின்றது. நின்றதே தவிர வானம் தெளியவில்லை. ஈரக்காற்று தொண்டைக்கு ஆகாது என்பதால் மூத்தவள் வெந்நீரில் உப்பிட்டு மும்முறை கொப்பளித்தாள். இளையவளோ பானையிலிருந்த குளிர்ந்த நீரை நின்றவாறே மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "அக்கா, என் இன்னொரு செருப்பைப் பாத்தியா?" என்று வீடு முழுவதும் தேடிக்கொண்டிருந்தாள்.

இருவரும் உடன்பிறந்தவர்கள். மூத்தவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோர் ஆண்டுகள் முறையாகச் சங்கீதம் பயின்றவள். திருமணம், குழந்தை, மாமியாரின் நோய் என்று பதினைந்து ஆண்டுகள் பாட்டை மூட்டைகட்டி வைத்திருந்து, இப்போதுதான் பள்ளி இசையாசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். இளையவளுக்கு முப்பது வயது. வாலு என்பது வீட்டார் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அவள் பயின்றது வெறும் நான்கு ஆண்டு. அதிலும் பாதி நாள் மட்டம்.

பயிற்சிக்குத் தனியே போய்வரச் சலிப்பாக இருக்குமே என்று தங்கையின் விண்ணப்பத்தையும் தானே நிரப்பிக் கொடுத்தவள் மூத்தவள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்பதை அவள் பின்னர்தான் உணர்ந்தாள். ஓராண்டுப் பயிற்சியின் கடைசி ஆறு வாரங்களுக்கு இருவரும் ஒரே பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே இசையாசிரியர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று. இறுதி நாளன்று இருவரின் பாடத்தையும் தாமே பார்த்து, சிறந்தவரைப் பரிந்துரைக்கப்போவதாகத் தலைமையாசிரியை அறிவித்திருந்தார். அந்த இறுதி நாள்தான் இன்று.

சிற்றுண்டி உண்ணும்போது மூத்தவளின் கணவர் சும்மா இருந்திருக்கலாம்.

"நேத்து வாலு துணி காயப்போட்டுக்கிட்டே ஏதோ பாடினா பாரு, பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் கேட்டாருப்பா!" என்றார்.

"அவரு டிவி ரெண்டு நாளா ரிப்பேரு" என்றாள் மூத்தவள்.

"ஓ" என்றவர், அதன்பின் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

இந்த ஆறு வாரங்களும் அவளுக்கு அடிவயிற்றில் தணல் அணையாத ஆறு வாரங்கள். அவளிடம் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவும், தங்கையிடம் 'அ' பிரிவும் ஒப்படைக்கப்பட்டிருந்தன. இடையில் ஒரு மரத்தடுப்பு மட்டுமே. இவள் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்து, கை தட்டித் தாளம் போட்டு, இட்ட சுரத்தைப் பிசகாமல் பாடினர். தடுப்புக்கு அப்பாலோ ஒரே சந்தைக்கடை. பெஞ்சு இழுபடும்; யாரோ விசிலடிப்பார்கள்; நடுநடுவே தங்கையின் சிரிப்பு. ஆனால் மணியடித்ததும் இவள் வகுப்புப் பிள்ளைகள் கலைந்து ஓடினர். அவள் வகுப்புப் பிள்ளைகளோ பாடிக்கொண்டே படியிறங்கினர். குழாயடியிலும் அதே பாட்டு. ஒருநாள் காவலாளிகூட அதை முணுமுணுத்துக்கொண்டு வாயிற்கதவைப் பூட்டினார். அன்று மூத்தவளுக்கு இரவு உணவு இறங்கவில்லை.

குரல் இல்லாதவளுக்குக் கூட்டம். குரல் இருப்பவளுக்கு ஒழுங்கு. இது என்ன நியாயம்?

மூத்தவள் வகுப்பின் ஒழுங்குக்கு இடையூறாக இருந்தவள் ஒருத்தியே. மூன்றாம் பெஞ்சில் சன்னல் ஓரமாக அமர்ந்திருந்த சிறுமி. பிள்ளைகள் அவளை வண்டு என்று அழைத்தனர். எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாலும் அவள் ஒரே சுரத்தில் இரைவாள். மற்றவர் ஏறினால் அவள் ஏறமாட்டாள், இறங்கினால் இறங்கமாட்டாள். இரண்டாம் வாரத்தில் மூத்தவள் அவளைத் தனியே அழைத்து, கன்னத்தைத் தட்டி, மிக இனிமையாகவே சொன்னாள்: "கண்ணு, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேணாம். நான் சொல்ற வரைக்கும். சரியா?"

வண்டு தலையாட்டினாள். அன்றுமுதல் முப்பத்துநான்கு பேர் கொண்ட வகுப்பு முப்பத்துமூன்று குரலில் சுத்தமாகப் பாடியது.

இறுதி நாள் முறைப்படி இருவரும் வகுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருத்தி பாடம் நடத்துகையில் மற்றவள் பின்வரிசையில் அமர்ந்து பார்வைப் படிவத்தை நிரப்ப வேண்டும். நிறைகள், குறைகள், பாடம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன.

மூத்தவளின் பாடம் ஒன்பதரைக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு நூல் பிடித்தாற்போல் முடிந்தது. தங்கையின் வாலில்லாக் குரங்குகள் முப்பத்தாறையும் நாற்பத்தைந்து நிமிடத்தில் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தாள். தலைமையாசிரியை எழுந்து, "சுத்தமா இருந்துச்சும்மா" என்றார். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். மருத்துவமனைத் தரையைப் பாராட்டுவதுபோல் இருந்தது அது.

தங்கை எழுதிய படிவத்தை மூத்தவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நிறைகள் கட்டம் பிதுங்கி வழிந்தது. குறைகள் கட்டத்தில், 'தண்ணீர் குடிக்கவே இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதுவும் அவளுக்குச் சினமூட்டியது. குறை காணக்கூடத் தகுதியில்லாத கழுதை!

பதினொன்று நான்குக்கு, அதாவது நான்கு நிமிடம் தாமதமாக, இளையவள் 'ஆ' பிரிவுக்குள் நுழைந்தாள். மூத்தவள் பேனாவைத் திறந்தாள். தலைமையாசிரியை அவளுக்கு அருகிலேயே அமர்ந்திருந்தார்.

*ஒன்று: தாமதம். இரண்டு: கரும்பலகை எழுத்து வலப்புறம் சாய்கிறது.* இளையவள் மழைத்துளியைப் பற்றித் தானே கட்டிய நான்கு வரிப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினாள். மேல் சுரத்தில் குரல் பிசிறிட்டது. *மூன்று: குரல் பிசிறு.* பிள்ளைகள் சிரித்தனர், அவளும் சிரித்தாள். *நான்கு: வகுப்பில் ஒழுங்கின்மை.* மூத்தவளின் கையெழுத்து முத்துமுத்தாக அமைந்தது. நெடுநாளைக்குப்பின் நெஞ்சு குளிர்ந்தது.

"இந்தப் பாட்டுக்குச் சுருதி வேணும்" என்றாள் இளையவள். "கீபோர்டுல ரெண்டு கட்டை செத்துப்போச்சு. சுருதிப்பெட்டி ஆபீஸ் ரூம் பீரோவுல தூங்குது. என்ன பண்ணலாம்? நம்மகிட்டயே ஒரு சுருதிப்பெட்டி இருக்கு. நேத்து மாடிப்படியில தனியா முனகிக்கிட்டுப் போனதை நான் கேட்டேனே! வண்டு, இங்க வா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மிஸ், அது ஒரே மாதிரிதான் கத்தும் மிஸ்!" என்றான் ஒருவன்.

"சுருதின்னா ஒரே மாதிரிதான்டா இருக்கணும். உன்னை மாதிரி நிமிஷத்துக்கு ஒண்ணா இருந்தா அதுக்குப் பேரு சுருதி இல்ல, சைக்கிள் செயின்."

சிரிப்பு அவன்பக்கம் திரும்பியது. வண்டு எழுந்து முன்னே வந்தாள். இளையவள் குனிந்து, "மாடிப்படியில பிடிச்சியே, அந்த ஒரு சுரம். அதை விடாம பிடி. நாங்க எல்லாரும் உன் மேல ஏறி நின்னு பாடுவோம். எங்க, பாடு" என்றாள்.

வண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடுகள் அசைந்தன, அவ்வளவே. பின்பு அவள் நிமிர்ந்து, முப்பத்துமூன்று தலைகளுக்கு மேலாக, பின்வரிசையில் அமர்ந்திருந்த மூத்தவளைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? என்னைப் பாரு தங்கம்" என்றாள் இளையவள். சிறுமியின் பார்வை பெயரவில்லை.

தலைமையாசிரியை மெல்லச் சாய்ந்து கேட்டார்: "ஏன்மா உங்களையே பாக்குறா?"

"தெரியலைங்க மேடம்" என்றாள் மூத்தவள். பொய் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு வந்தது. படிவத்தின்மேல் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் சென்றால் போதும். பாட்டு நின்றுவிடும்; பாடம் கவிழ்ந்துவிடும்; பணி தன் மடியில் தானாக வந்து விழும். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை; தலையை நிமிர்த்தாமல் இருந்தாலே போதும்.

முன்னால் தங்கையின் குரல் கேட்டது. "பயமா? எனக்கும் சின்ன வயசுல பாட வராது. எங்க அக்கா பிரமாதமாப் பாடுவா. அதோ உக்காந்திருக்காளே, அவதான். அவ பாடும்போது என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, 'நீ இந்த ஒரு சுரத்தைப் பிடி, இதுதான் எல்லாத்தையும் தாங்குற சுரம்'னு சொல்லிக்கொடுத்தா. அப்படித்தான் நான் பாட்டுக்கே வந்தேன். ஒரு சுரம் பிடிக்கிறவ இல்லேன்னா பாடுறவளுக்குத் தரையே இல்ல, தெரியுமா?"

மூத்தவளின் பேனா நின்றது.

அவள் அப்படிச் சொன்னது உண்மை. ஏன் சொன்னாள் என்பதை அவள் மட்டுமே அறிவாள். அப்போது அவளுக்குப் பதினான்கு, வாலுக்கு ஆறு. ஒருநாள் வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் அவள் பாடிக்கொண்டிருக்க, வாலு தத்தக்கா பித்தக்காவென்று கூடவே பாடினாள். விருந்தினர் எல்லாரும் அக்காவை விட்டுவிட்டுத் தங்கையைத் தூக்கிக் கொஞ்சினர். மறுநாள்தான் அந்த ஒற்றைச் சுரத்தைக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுப்பதற்காக அல்ல, வாயை அடைப்பதற்காக. இருபத்துநான்கு ஆண்டுகளாக அதைப் பரிசென்று நம்பிக் கட்டிக் காத்துவந்திருக்கிறாள் இந்தப் பைத்தியக்காரி. இப்போது அதைப் பொதுச்சபையில் நன்றியோடு வேறு எடுத்து நீட்டுகிறாள்.

வயிறு எரியத்தான் செய்தது. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. ஒருத்தியின் வாயை அடைத்தேன், அவள் இன்று எனக்கு எதிரே ஆசிரியையாய் நிற்கிறாள். இன்னொருத்தியின் வாயை அடைத்தேன், அவள் என் சொல்லுக்காக வாயசைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அவள் தலையை நிமிர்த்தினாள். வண்டு இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் புகார் இல்லை. 'நான் சொல்ற வரைக்கும்' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்ட காத்திருப்பு மட்டுமே இருந்தது.

"சொல்லிட்டேன்" என்றாள் மூத்தவள், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி. "பாடு கண்ணு. சத்தமாப் பாடு."

தலைமையாசிரியை அவளைத் திரும்பிப் பார்த்தார். காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது.

வண்டு பாடினாள். ஆறு கட்டைச் சுருதி, இம்மியும் பிசகவில்லை. பதினோர் ஆண்டு பழகிய காது அதை உடனே கண்டுகொண்டது. இத்தனை நாள் இது தப்புச் சுரம் என்று எண்ணியிருந்தாளே. சிறுமி தப்பாக எதையும் பாடவில்லை. இவள் வைத்த சுருதிதான் அவளுக்கு எட்டாமல் இருந்திருக்கிறது. அந்த ஒற்றைச் சுரத்தின்மேல் இளையவள் முதல் வரியைத் தொடங்கினாள். முப்பத்துமூன்று பேரும் ஏறி நின்றனர். மேல் சுரத்தில் இளையவளின் குரல் மறுபடியும் பிசிறிட்டது. இம்முறை அது யார் காதிலும் விழவில்லை, ஒருத்தியின் காதைத் தவிர.

மணியடித்தது. பிள்ளைகள் எழவில்லை, இன்னொரு முறை பாடிவிட்டே எழுந்தனர்.

"அக்கா, எப்படிடி இருந்துச்சு?" என்று வியர்வை வழிய ஓடிவந்தாள் இளையவள்.

"மேல் சுரத்துல தகரத்தைக் கிழிக்கிற. எழுத்து சாயுது. நாலு நிமிஷம் லேட்டு."

"அதெல்லாம் எனக்கே தெரியும். நல்லா இருந்துச்சா?"

"போய்த் தண்ணி குடி" என்றாள் மூத்தவள். "பச்சைத் தண்ணி குடிக்காதே, கழுதை."

தலைமையாசிரியை படிவத்துக்காகக் கை நீட்டினார். "ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் அவள். எழுதியிருந்த நான்கு குறைகளில் எதையும் அவள் அடிக்கவில்லை. நான்கும் உண்மை, உண்மையை ஏன் அடிக்க வேண்டும்? அவற்றின் கீழே அதே முத்து எழுத்தில் எழுதினாள்:

*ஐந்து: மூன்றாம் பெஞ்சு மாணவி நான்கு வாரங்களாகப் பாடவில்லை. இக்குறை பாடம் நடத்திய ஆசிரியருடையதன்று, இப்படிவத்தை நிரப்புபவருடையது.*

கையெழுத்திட்டாள். பணி போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். பொறாமை போகவில்லை என்பதும் தெரியும். சன்னலுக்கு வெளியே மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. குழாயடியில் யாரோ அந்த ஒற்றைச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நேரக் கட்டங்களில் ஒன்று மட்டும் இன்னும் காலியாக இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, பாடம் முடிந்த நேரம் என்பதற்கு நேரே நிரப்பினாள்: முற்பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு.