மறுமுனையில் ஒரு பொத்தான்

அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. எரிகிற விளக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. குளியலறையில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து கத்தல் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்கிற ரகம். அந்தக் குணம்தான் அவள் பிழைப்பிலேயே மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து அவளைத் தனியாக விட முடியாமல் ஒரு மாதமாக விடுப்பில் இருந்தாள். ஒரு வாரம் வீட்டிலிருந்தே செய்துபார்க்கச் சொன்னார் மேலாளர், அதுவும் அரைமனதாக. நடுவில் வேலை தடைப்பட்டால் பழையபடி அலுவலகத்துக்கு வர வேண்டும். முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் இருந்ததோ பரணில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கணினி. வரைபட மென்பொருளைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஊரின் இன்னொரு கோடியில் இருந்துகொண்டு, "வேலை தலைக்கு மேல இருக்குக்கா" என்று போனிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை.

வந்தவன், உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுச் சின்னதாக ஏதோ ஒன்றை ஏற்றினான்.

"பொத்தானை அழுத்தினா உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் நேரா இங்க தெரியும். வேற எதுக்கும் இது உதவாது. மூளை அங்க, கண்ணும் கையும் மட்டும் இங்க."

அம்மாவிடம் பேருக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

முதல் நாள் வேலை ஜோராக நடந்தது. மாலையில் அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காக மூடி, 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை, இணைப்பு கிடைக்கவில்லை என்றது திரை. மதியத்துக்குள் ஒரு வீட்டின் வரைபடம் போயாக வேண்டும். தம்பியைப் போனில் பிடித்து, "எதையும் அரைகுறையா செஞ்சுட்டு ஓடுறதே உனக்கு வேலையா?" என்று பொரிந்து தள்ளினாள். கணினியை மட்டும் சொல்லவில்லை என்பது அவனுக்கும் புரிந்திருக்கும். கடையைப் பாதியில் பூட்டிவிட்டுக் கிளம்பி வந்தான்.

"நேத்து எப்படிக்கா அணைச்சே?"

சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ அணைச்சது இதை இல்லக்கா, ஆபீஸ்ல இருக்கறதை! இனி யாராவது அங்க போய்ப் பொத்தானை அழுத்தினாத்தான் உண்டு."

அங்கே யாரிடம் சொன்னாலும் அடுத்த நிமிடம் மேலாளர் காதுக்குப் போய்விடும்.

"நீ போய் அழுத்திட்டு வா."

"என்னை யாரு உள்ள விடுவா? நீ போ. அம்மாகூட நான் இருக்கேன்."

நம்பிக்கையில்லாமல்தான் கிளம்பினாள். மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க வந்ததாக அலுவலகத்தில் ஒரு பொய் சொல்லி, மேசைக்கடியில் குனிந்து பொத்தானை அழுத்தினாள். கண்ணிமைக்கும் நேர வேலை. திரும்பும்போதுதான், இந்தத் தெருவில் தனியாக, கைவீசி நடந்து எத்தனை நாளாயிற்று என்று உறைத்தது. இத்தனை களைத்துப் போயிருக்கிறோம் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

வீட்டில் தம்பி தரையில் உட்கார்ந்து அம்மாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தான். "சதையை வெட்டிடாதேடா, படுபாவி" என்று திட்டிக்கொண்டே அம்மா சிரித்தாள்.

வரைபடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "ஷட் டவுன் பக்கமே போகாதே, இணைப்பை மட்டும் துண்டி" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினான்.

மாலையில் வேலையை முடிக்கும்போது கட்டிலிலிருந்து அம்மா மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இன்னைக்கும் அதை மறந்தாப்ல அணைச்சிடேன். அவன் ஓடி வருவான்."

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மறுபடி என்னக்கா ஆச்சு?" என்று பதறினான் தம்பி.

"ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. நாளைக்கு நீ சும்மா வா."