கோணப் பார்வை

தப்பான பஸ்ஸேறிக் கீரிப்பாறையில் போய் இறங்கிய நாளிலிருந்து சுயம்புராஜ் வாசல் தாண்டவில்லை. கண் அவ்வளவு மங்கிவிட்டது. கண் மங்கியவர்களுக்கு வீடு தேடிப் போய் உதவுகிறவளாம் இந்த ஜாஸ்மி. குலசேகரத்திலிருந்து தனியாக வந்திருக்கிறாள். பேச்சு அவரிடம், முகமோ முற்றத்துக் கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுப் பக்கம். நேரே முகம் பார்க்காதவளை எப்படி நம்புவது?

"ஏட்டி, அங்க என்னத்தப் பாக்க? ஷீட்ட எண்ணுதியா?"

"ஒங்களத்தான் பாக்கேன், பாட்டா."

"கள்ளி! எனக்குக் கண்ணுதான் மங்கல், புத்தி மங்கல்ல."

அவள் சிரித்தாள். "நேரே பாத்தா ஒங்க மொகத்துல கரும்பொட்டுதான் தெரியும். கோணிப் பாத்தாத்தான் மீசை தெரியுது. எனக்கும் ஒங்க சீக்குதான்."

சுயம்புராஜும் அப்போது தலையைச் சாய்த்துக் கோணித்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறவு பஸ் போர்ட எப்பிடி வாசிச்ச?"

பையிலிருந்து விரல் நீளக் குழல் கண்ணாடி ஒன்றை எடுத்து அவள் நீட்டினாள். "இத வச்சிதான். தூரத்து எழுத்தும் கிட்ட வந்து பெருசா தெரியும். ஒங்களுக்கும் ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

அவர் வாங்கவில்லை.

"கொடியில எத்தன ஷீட்டு கெடக்கு, சொல்லு."

"கொடியா? அங்க எனக்குக் கரும்பொட்டுல்லா தெரியுது. கொடி இருக்கா, பாட்டா?"

அதற்குப் பிறகுதான் சுயம்புராஜ் கை நீட்டினார்.