கேபினில் நாற்பது நிமிடம்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கிரேன் கேபினின் கதவைத் தாழிட்டேன். இருபது மாடி உயரத்தில் யார் வந்து தட்டப்போகிறார்கள்? ஆனாலும் தாழிட்டேன். நாற்பது நிமிடம் எனக்கு மட்டும் வேண்டும். சைட்டில் எனக்குப் பேர் காக்கா. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் என்கிறார்கள், கத்துவதாலும் இருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன் காற்றில் சுழன்ற இரும்புத் தூண் ஒன்று என் மச்சானின் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, வாக்கி டாக்கியில் எனக்குச் சொல்வது அவன் வேலை. அன்று அவன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து கிரேனை இயக்கும் லிவரைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. சில நொடிகள்தான். அந்தச் சில நொடியில் சுமை யார் தலையில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மூச்சு விடவில்லை.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று போனில் தேடினேன். முதலில் கிடைத்த ஆப்பில் சிரித்த முகமாக ஒரு மனநல டாக்டர். ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்டது என் மூன்று நாள் சம்பளம். இருந்த பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இன்னொருவர் ஆங்கிலத்தில்தான் பேசுவாராம். என் பயத்துக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்றாவது இடத்தில், காத்திருங்கள், நான்கு மாதத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதுவரை சுமையைக் காற்றில் நிறுத்தி வைக்க முடியுமா? கடைசியில் ஒரு கல்லூரியின் ஆலோசனை மையம் அகப்பட்டது. படிப்பை முடிக்கப்போகிற மாணவிகள் ஆசிரியரின் மேற்பார்வையில் பேசுவார்கள். முடிந்ததைக் கொடுத்தால் போதும். முகம் காட்ட வேண்டாம், குரல் போதும். செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் இடம் இருந்தது.

வீட்டில் பேச வழியில்லை. ஒரே அறை, ஐந்து பேர். கழிப்பறைக்குள் போய்ப் பேசினால்கூட மாமியார் கதவருகே வந்து, "யார்கூட மாப்பிள்ள குசுகுசுன்னு?" என்பார். ஆக, பயப்படுகிற இடத்திலேயே உட்கார்ந்து பயத்தைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

"இப்ப எங்க இருக்கீங்க? பாதுகாப்பான இடந்தானா?" என்று போனில் அந்த மாணவி கேட்டார்.

"கிரேன் மேல."

சின்னப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டேனோ என்று நினைத்தேன்.

"சரி. மெதுவா சொல்லுங்க. அவசரமில்ல."

சொன்னேன். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. 'தைரியமா இருங்க' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் வேலை இருக்கா?"

"இருக்கு. பெரிய இரும்பு பீம்."

"கீழ யார் நிப்பாங்க?"

"மச்சான்."

"உங்க கை மரத்துப் போறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அடுத்த வாரமும் பேசலாம். ஆனா இன்னிக்கு நீங்க அதைத் தூக்கக் கூடாது. யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சொன்னால் வேலை போகும். கை மரத்துப்போகிறவனை நம்பி யார் கிரேனைக் கொடுப்பார்கள்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமா, பீம் மாட்டியாச்சு. தூக்குங்க."

குனிந்து பார்த்தேன். மச்சானின் மஞ்சள் ஹெல்மெட் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. பீமுக்குப் பக்கத்திலேயே நின்றான். லிவரில் வைத்த என் கை கல்லாகிப்போனது. இடது கையால் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினேன். அதில் பேசினால் சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை எல்லார் காதிலும் விழும்.

"மச்சான், தள்ளிப் போ. என்னால தூக்க முடியாது. கை வரல. எனக்குப் பயமா இருக்கு."

போனில் அந்தப் பெண் இன்னும் லைனில்தான் இருந்தார். பிறகு சூப்பர்வைசரின் குரல் வந்தது. "காக்கா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு இறங்கு. மத்ததைக் கீழ வந்து பேசிக்கலாம்."

அந்த 'மத்தது' என்னவென்று எனக்குத் தெரியாதா? அணைத்தேன். தாழ்ப்பாளை நீக்கினேன். ஏணியில் கால் வைக்கப் போனேன். பதினோரு வருஷமாக ஏணி ஏறி இறங்குகிறவன் நான். கால் நகர மறுத்தது.

"இறங்கவும் முடியல மச்சான்" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன்.

"நீங்க ஒரு படி இறங்குங்க மாமா. நான் ஒரு படி ஏறி வரேன்."

அவன் குரலும் நடுங்கிக்கொண்டிருந்தது.