பின்பாரம்

இரண்டு டன் மட்டுமே தூக்கக்கூடிய ஃபோர்க்லிஃப்டில் இரண்டரை டன் காகித உருளையைத் தூக்கினால் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பெரிய வண்டி வாங்கலாம். அந்தக் கிடங்கில் அதற்குப் பதிலாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள். சுமை தூக்குபவர்களில் உடம்பு பெருத்தவர், எல்லோருக்கும் எடைக்கல். "எடைக்கல்லு, ஏறுய்யா!" என்று சூப்பர்வைசர் கத்துவார். அவரும் சிரித்துக்கொண்டே வண்டியின் பின்னால் ஏறி உட்காருவார். சக்கரம் தரையில் பதியும். மூன்று வருஷமாக இந்தக் கேவலத்தைத்தான் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை, சாக்கடை மூடியின்மேல் வண்டி தூக்கிப்போட்டது. அவர் வழுக்கி விழுந்தார். எழும்பிய சக்கரம் அவர் காலின்மேல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை, விபத்தன்று வண்டியை ஓட்டிய டிரைவரைச் சூப்பர்வைசர் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிமுக்கித் தின்றபடி ஒரு தாளை நகர்த்தினார்.

"அவனா விளையாட்டுக்கு ஏறினான்னு போட்டிருக்கு. கீழ ஒரு கையெழுத்து. உன் லைசென்ஸும் தப்பிச்சிடும்."

"அப்ப அவருக்கு நஷ்டஈடு?"

"விளையாட்டுக்கு ஏறினவனுக்கு என்னய்யா நஷ்டஈடு? அதான் பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தோம்ல. உசுரோடதானே இருக்கான்."

சூப்பர்வைசரின் உதட்டோரம் ஊறிய பிஸ்கட் ஒட்டியிருந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவையும் வாய் கூசாமல் சொல்ல ஒரு மனுஷனால் முடிகிறதே! ஆனால் தானும் யோக்கியன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எடைக்கல்லின் மனைவி அவனிடம் கேட்டிருந்தாள்: "அண்ணே, கூட இருந்தது நீங்கதான். இவரு எதுக்கு அங்க போய் ஏறினாரு?" தெரியலம்மா என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். தன் நாக்கையே காறித் துப்பலாம் போலிருந்தது.

வெளியே வண்டி உறுமியது. புது டிரைவர் உருளையைத் தூக்க, பின்சக்கரம் எழும்பியது. சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஜன்னல் வழியே கத்தினார்: "ரெண்டு பேரு பின்னாடி ஏறுங்கடா!"

டிரைவர் அறையிலிருந்து வெளியே ஓடினான். "இறக்கு! உருளைய இறக்கு!" உருளை தரை தொட்டதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். ஏறப்போன இருவரும் அசடு வழிய நின்றார்கள்.

திரும்பி வந்து, தாளில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு எழுதினான்: 'ஏறச் சொன்னது சூப்பர்வைசர். ஏற்றிக்கொண்டு ஓட்டியது நான். மூன்று வருஷமாக.' கையெழுத்துப் போட்டான்.

"பொழப்பு போயிடும்டா, முட்டாப்பயலே!"

"போகட்டும் சார்."

தாளை அங்கே விடவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எடைக்கல்லின் மனைவி கையில் கொடுத்தான். அவள் இரண்டு முறை படித்தாள். கட்டிலில் எடைக்கல் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"நேத்து தெரியலன்னு சொன்னீங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.