கை பழகாத பிள்ளைகள்

இந்த ஊரில் நான் தூக்காத பீரோ கிடையாது. வீடு மாற்றிக் கொடுக்கும் லாரியில் சுமை தூக்கியே காலம் தள்ளியவன். ஆறாவது மாடிக்கு ஃப்ரிட்ஜைத் தனியாளாக, உள்ளே இருந்த தயிர் அலுங்காமல் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஒருமுறை கட்டிலோடு சேர்த்து ஒரு வீட்டு மாமனாரையும் இறக்கிவிட்டோம். மனுஷன் லாரி கிளம்பிய பிறகுதான் கண் விழித்தார். வேலையை விட்ட பிறகு வீட்டில் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. சோபாவைத்தான் தினமும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கை அரிச்சா வெளியில எங்கயாவது போய்த் தூக்குங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள்.

பழைய முதலாளி போன் செய்ததும் அந்த வாரம்தான். கைக்குழந்தைகளை வளர்க்கும் ஓர் இல்லத்துக்கு யாரோ இரும்புத் தொட்டில்கள் கொடுத்திருக்கிறார்களாம். மாடியில் ஏற்ற ஆள் இல்லையாம். மாப்பிள்ளை அழைப்புக்குப் போவது போலச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

தொட்டில்களை ஏற்றி முடித்ததும் பிள்ளைகள் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நீள அறை, உயரத்தில் ஜன்னல், தரையில் பினாயில் வாசனை. இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் மல்லாந்து கிடந்தார்கள். எல்லோரும் விழித்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு வாயிலும் பால் புட்டி, புட்டிக்கு முட்டுக்கொடுத்து ஒரு மடித்த துண்டு. பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என் பேரன் அந்த வயசில் பாலுக்கு அழுதால் மூன்று தெரு தள்ளி நாய் எழுந்து உட்காரும்.

"அடேயப்பா, கோர்ட்டே தோத்துடும் போங்க. எப்படிம்மா இவ்வளவு ஒழுங்காப் பழக்கினீங்க?" என்று கேட்டேன்.

பொறுப்பாக இருந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். நிற்கிற நிற்பைப் பார்த்து அப்போதே ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நாங்க பழக்கலை பெரியவரே. அழுதா யாராவது வரணும், அப்பத்தானே அழும்? வர்றதுக்கு ஆளில்லை. கொஞ்ச நாள் அழும். அப்புறம் அதுவா விட்டுடும்."

சோறு வெந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். என் வாய்க்கு வந்த அடுத்த ஜோக்கு வாயிலேயே நின்றுவிட்டது. மருமகளிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஓரத்துத் தொட்டிலில் ஒருவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படுத்தே கிடந்து பின்மண்டை தட்டையாகி, அங்கே முடி தேய்ந்திருந்தது. தீர்ப்பை ஒத்திவைத்த முகம். நீதிபதி என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. பால் ஒழுங்காகக் குடிக்கிறானாம், உடம்பில்தான் ஒட்டவில்லையாம். டாக்டர் டானிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து ஓய்ந்துவிட்டார். இப்படியே போனால் தேறுவது கஷ்டம் என்று அவன் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தூக்கினேன். பலகையைத் தூக்கியது போல இருந்தது. உயிருள்ள எதுவும் தூக்கும்போது கொஞ்சம் ஒத்துழைக்கும், ஆட்டுக்குட்டிகூட ஒட்டிக்கொள்ளும். இவன் முதுகை விறைத்துக்கொண்டு தலையைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

"கீழ வைங்க. கை பழகிடும்" என்றாள் ஹெட்மாஸ்டர்.

"பழகினா நல்லதுதானே."

"உங்களுக்கு நல்லது. கொஞ்சிட்டு பஸ் ஏறிடுவீங்க. அப்புறம் இது கத்தும். இதைப் பார்த்துப் பக்கத்துத் தொட்டில் கத்தும். இருக்கிறது நானும் இன்னொருத்தியும். எங்களுக்கு எத்தனை கைன்னு நீங்களே சொல்லுங்க."

அவனைத் தொட்டிலில் கிடத்தினேன். அவள் சேலையெல்லாம் பால் கறை. விரல் இடுக்கெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது.

மறுநாள் தொட்டில் கால் ஆடுகிறது என்று சாக்கு வைத்துப் போனேன். ஆடத்தான் செய்தது. கிளம்பும் முன் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு வந்தவனே நான்தானே. அதற்கப்புறம் அந்த இல்லத்தில் தளராத திருகாணியே இல்லை. ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் நீதிபதி. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள், "இன்னைக்கு எது ஆடுது? கட்டடமா?" என்று மட்டும் கேட்டாள்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காருவேன். ஊரில் இல்லாத பொய்யெல்லாம் சொல்லுவேன். யானையைப் படியேற்றிய கதையை அவன் ஒருவன்தான் குறுக்கே பேசாமல் கேட்டவன். நாளாக நாளாகப் பலகை இளகியது. முதலில் முதுகு, அப்புறம் கழுத்து. ஒருநாள் தலையை என் தோளில் சாய்த்துப் பெருமூச்சு விட்டான், பென்ஷன் வாங்கியவன் மாதிரி. கன்னம் உப்பியது. தராசில் எடை ஏறிவிட்டான் என்று டாக்டர் தன் டானிக்கைத் தானே பாராட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு சாயங்காலம். படுக்கவைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு சத்தம். பழக்கமில்லாத தொண்டை. உதட்டைப் பிதுக்கி, என்னைப் பார்த்து அழுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜா, உனக்குள்ள இவ்வளவு சங்கீதமா என்று தூக்கிக்கொண்டு அறை முழுவதும் ஆடினேன்.

ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வருவீங்கல்ல?"

"சூரியன் லீவு போட்டாலும் நான் வருவேன்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரன் வாஷிங் மிஷினை இரண்டு வாலிபர்கள் முக்கி முனகித் தூக்கினார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தள்ளுங்கடா என்று போனேன். பாதிப் படியில் அடிவயிற்றில் ஏதோ பிரிந்துகொண்டது. குடலிறக்கம். ஆபரேஷன் செய்த டாக்டர், எலுமிச்சம்பழத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார். சாத்துக்குடி என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன். மருமகள் முறைத்தாள்.

மருமகள்தான் இல்லத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். ஹெட்மாஸ்டர் பேசுவதற்கு முன்னாலேயே அந்தக் கீல் சத்தம் கேட்டது.

"வாசலைப் பார்த்துக் கத்துறான் பெரியவரே. புட்டியைத் துப்பிடறான்."

"தூக்கிக்கோம்மா கொஞ்சம்."

"தூக்காமலா இருக்கேன்? என் கையிலயும் கத்துறான். அவன் தேடுற கை இது இல்லையே."

அடுத்த முறை போன் போட்டபோது சத்தம் தள்ளிக் கேட்டது. அதற்கடுத்த முறை கேட்கவே இல்லை.

"தூங்கறானா?"

"முழிச்சிட்டிருக்கான்" என்றாள். "இப்போ தொந்தரவில்லை."

நடமாடலாம் என்று டாக்டர் விட்டதும் கிளம்பினேன். நான் எதையாவது தூக்கிவிடுவேன் என்று மருமகள் காவலுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹெட்மாஸ்டரே அவனைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள்.

கன்னம் வற்றியிருந்தது. சட்டையைத் திறந்து அணைத்தேன். விறைத்துக்கொண்டான். கண்ணை உருட்டினேன், காதை ஆட்டினேன், யானையைப் பத்தாவது மாடிக்கே ஏற்றினேன். என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் தெரியாதவன் போல இருந்தால்கூடச் சரி என்றிருப்பேன். தெரிந்தும் வேண்டாம் என்று விட்டவன் போல இருந்தான்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன்" என்றாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த தொட்டிலுக்குப் போய், அதில் கிடந்த பெண் குழந்தையைத் தூக்கி வந்து என் இன்னொரு தொடையில் உட்காரவைத்தாள். "ஒண்ணை மட்டும் கெடுத்தா அது தனியாத் தவிக்குது. கெடுக்கிறதுன்னா எல்லாத்தையும் கெடுங்க. நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க."

காவலுக்கு வந்த மருமகள் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒருவனைத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது தினமும் போகிறோம். எனக்கு முடியாத அன்று மருமகள், அவளுக்கு முடியாத அன்று அவள் தங்கை. சாயங்காலம் நாங்கள் செருப்பை மாட்டியதும் அறை சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஆளாளுக்கு ஒரு ராகம், கூரை பறக்கும்படி. ஹெட்மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறாள்.

நான் படியில் நின்று ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்டுப் பார்க்கிறேன். மருமகள் கையைப் பிடித்து, "வாங்க மாமா, பஸ் போயிடும்" என்கிறாள். இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். நீதிபதியின் குரல் அதில் இல்லை. அவன் விழித்துக்கொண்டுதான் இருப்பான்.