ஏலத்துக்கு வந்த மானம்

வாங்குன மூவாயிரத்த வட்டியோட கட்டிட்டேன். அப்பவும் லோன் ஆப்புக்காரன் போன்ல மிரட்டுனான். "அஞ்சு நிமிசத்துல இன்னும் பத்தாயிரம் போடு. இல்லாட்டி உன் மூஞ்சிய ஒட்டுன அசிங்கப் படம் உன் போன்ல கீற எல்லாருக்கும் போவும்."

காசிமேட்டுல மீன் ஏலம் நடந்துகினு இருந்துச்சு. அவன் சொன்ன அந்த எல்லாருல பாதிப் பேரு என்னச் சுத்திதான் நின்னாங்க. நானே மொதல்ல சொல்லிட்டா அவன்கிட்ட இன்னா மிஞ்சும்?

ஸ்பீக்கரப் போட்டுக்கினு மீன் பொட்டி மேல ஏறுனேன்.

"டோரதி பேசறேன்! என் மூஞ்சிய ஒட்டி ஒரு கலீஜ் படம் வரும். அனுப்பறவன் லைன்ல கீறான். பேசு நைனா!"

ஏலம் கூவுற பிராங்கிளின் அண்ணன் போன்கிட்ட குனிஞ்சாரு. "இவன் மானம், ஒரு ரூவா! ஒரு ரூவா! யாராச்சும் கேக்கறீங்களா?"

ஒருத்தரும் கேக்கல.