மண் மிதிக்காத பிள்ளை

மாட்டின் முதுகில் கதவுப் பலகையைக் கட்டி அதன்மேல் என் மகன் நாகூமை ஏற்றியபோது, அவன் நடுவில் உட்காராமல் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டான். "விழுந்துடுவடா, நடுவுல உக்காரு" என்றேன். "எடம் வேணும்மா" என்றான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிணத்தீட்டுப் பட்டவர்கள்மேல் தெளிக்க, சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பலில் தண்ணீர் கலக்க வேண்டும். அதை மொண்டு வருவது பிறந்ததிலிருந்து தீட்டே படாத கையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கைக்கு எங்கே போவது? ஒரு துண்டு அப்பத்துக்கு வழியில்லாத எங்களைப் போன்ற பிள்ளைத்தாய்ச்சிகளிடம்தான் வருவார்கள். எங்கள்மேலும் அதே தண்ணீரைத் தெளித்து உள்ளே விடுவார்கள். பாறைமேல் கட்டிய முற்றத்தில் பெற்று, மண்ணில் கால் படாமல் அங்கேயே வளர்க்க வேண்டும். ஆழத்தில் யார் புதைந்திருக்கிறார்களோ என்று தரைக்கடியில் பாறையைக் குடைந்து வெற்றிடம் வேறு விட்டிருந்தார்கள். செத்தவர்களின் தீட்டு அதைத் தாண்டாதாம். மாட்டின்மேல் கட்டும் பலகையும் அதற்குத்தான். பெரிய வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அங்கே பிறந்து நான் பார்த்ததில்லை.

சாவு என்ற சொல்லையே முற்றத்தில் எடுக்கக் கூடாது. குருவி செத்துக் கிடந்தால், மேற்பார்வை பார்க்கும் மல்கியா துணியால் மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாகூமுக்கு ஏழு வயது. செத்துப்போவது என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் அவனுக்குப் பயமும் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தரையில் காதை வைத்துப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"கீழ ஒரு அக்கா இருக்காம்மா."

"கீழ ஒண்ணுமில்ல. வெறும் காத்து."

"காத்துக்குக் கெத்சியான்னு பேரா?"

என் கையிலிருந்த வாற்கோதுமை மாவு கொட்டிவிட்டது. கெத்சியா என் மூத்தவள். மழை பொய்த்த வருஷம், நாகூம் வயிற்றில் இருக்கும்போது, பட்டினியில் போனாள். அவள் அப்பாதான் பள்ளத்தாக்குச் சரிவில் எங்கோ புதைத்தார். அந்தக் கோடையில் அவரும் செத்துப்போனார். பஸ்கா பண்டிகை நெருங்கினால் யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதென்று ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும். அவளுக்கு அடிக்க ஆளில்லை. எந்த இடமென்று எனக்கே தெரியாது. அவள் பேரை முற்றத்தில் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அவளைப் போன்றவர்கள் மேலே வரக் கூடாதென்று இவர்கள் அந்த வெற்றிடத்தைக் குடைந்துவைத்தார்கள். அவள் அதையே வீடாக்கிக்கொண்டாள்.

"என்னடா சொல்றா அவ?"

"நான் மண்ணுல கால் வைக்கிற அன்னிக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாளாம். வெளையாட."

தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டால் பிள்ளை நம்முடையவன், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அவன் மண்ணில் ஓடுவதைப் பார்க்க அத்தனை வருஷம் தவித்தவள் நான். அன்றிலிருந்து அந்த நாள் வரவே கூடாதென்று வேண்டினேன். மல்கியாவிடம் சொன்னால் தீட்டென்று அந்த நிமிடமே வெளியே தள்ளுவார். வெளியே இருப்பதும் மண்தானே. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாளும் வந்துவிட்டது. சீலோவாம் குளத்தோரம் மாட்டை நிறுத்தினார்கள். நாகூம் இறங்காமலே கல் கிண்ணத்தைக் கயிற்றில் விட்டுத் தண்ணீர் மொண்டான். பிறகு பக்கத்தில் திரும்பி, "குடிக்கறியா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரி, வேணாம்னா போ" என்றான்.

"உன் மவன் மாட்டுக்கே தண்ணி காட்டறான்டி" என்று, முற்றத்திலிருந்து கூட வந்த அபித்தாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலயக் குன்றின் அடியில், சாம்பல் கலக்கும் ஆசாரியர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. மல்கியா நாகூமின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "வேல முடிஞ்சுது ராசா! எறங்கி ஓடு, ஆசை தீர வெளையாடு!"

அவன் கால்கள் தாழ்ந்துகொண்டே வந்தன. மாட்டுக்குப் பக்கத்தில், ஆளில்லாத புழுதியில், இரண்டு சின்னப் பாதத் தடங்கள் இருந்தன. விரல்கள் அவனைப் பார்த்திருந்தன.

"எறக்காதீங்க!" ஓடிப்போய்ப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஏழு வயசுப் பயல இடுப்புல வெச்சுக்கிட்டு... பைத்தியமா உனக்கு?" என்றார் மல்கியா.

நாகூம் என் காதில் சொன்னான். "அக்கா அழுவுறாம்மா. அவளையும் தூக்கிக்கோ."

இவனைக் கூட்டிப் போகத்தான் வந்தாள் என்று நினைத்திருந்தேன். அவளையும் பெற்ற எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ. எல்லோரும் பார்க்க, குனிந்து இடது கையை நீட்டினேன். "வாடி" என்றேன்.

குளிர்ந்த கால்கள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. சாகும்போது பஞ்சு போலிருந்தவள். இப்போது நல்ல கனம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். நாகூம் ஒரு தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். மறு தோளில் என் துணி மெல்ல ஈரமாகிக்கொண்டு வந்தது.